அகஸ்டா ரென்விக் பெயரில் வந்த அட்டை

அகஸ்டா ரென்விக் மேடையேறி முப்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் காதலி வேஷம் கட்டியதில்லை. பத்தொன்பது வயதில் வேலை கேட்டு வந்தவளின் தாடையையும் தோளையும் பார்த்த முதல் மேனேஜர், நரைத்த டோப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்து மாமியாராக நடிக்கச் சொன்னார். அன்றிலிருந்து மாமியார், மருத்துவச்சி, வம்புக்கார விதவை, குடிக்கூலிக்கு அறை விடும் வீட்டுக்காரி என்று கிழவி வேஷங்களாகவே வந்தன. இப்போது ஐம்பது வயதில் டோப்பா தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுக்கு அதில் குறையும் இல்லை. நியூயார்க் பதினான்காம் தெருவை ஒட்டிய அவர்கள் தியேட்டரில், சூப் சட்டியும் பெரிய மரக்கரண்டியுமாக அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாலே போதும். வாயைத் திறக்கும் முன்பே மலிவு டிக்கெட்டுக்கார மேல்மாடி சிரிக்க ஆரம்பித்துவிடும். கதாநாயகிகள் வந்தார்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டு போனார்கள். அகஸ்டா அங்கேயே இருந்தாள்.

1887 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை ஒத்திகைக்கு அவள் வந்தபோது எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாடகக் கம்பெனியின் கோமாளி நடிகர் பார்னி, நீல நாரை சிகரெட்தான் பிடிப்பார். அந்தப் பெட்டிகளில் சிகரெட் நசுங்காமல் இருக்க ஓர் அட்டை வைப்பார்கள். அட்டையில் ஒரு நடிகையின் புகைப்படம் ஒட்டியிருக்கும். ஊரில் பாதி ஆம்பிளைகள் அதைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று பார்னியின் பெட்டியில் வந்த அட்டையில் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, காலோடு ஒட்டிய பட்டுக் காலுறையும் இடுப்பு வரைக்குமான சட்டையும் போட்டுக்கொண்டு, ஒரு பொம்மைப் பாறையில் சாய்ந்து கையில் ஈட்டியோடு நின்றாள். கீழே அச்சு எழுத்தில், மிஸ் அகஸ்டா ரென்விக்.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அகஸ்டாதான். "அடேங்கப்பா, என் காலு இவ்வளவு அழகுன்னு எனக்கே இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே" என்று சொல்லி, அட்டையைத் தன் ஒப்பனைக் கண்ணாடியில் செருகி வைத்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு சனிக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது. பகல் காட்சிக்கு மேல்மாடி வழக்கத்துக்கு மாறாக நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் சுவரொட்டியில் பெயரைப் பார்த்துவிட்டு, ஈட்டிக்காரியைத் தேடி வந்தவர்கள். அகஸ்டா சட்டியோடு நுழைந்ததும் சிரிப்பு வரவில்லை. எவனோ விசிலடித்தான். "பாட்டி, நீ போய் அகஸ்டாவை அனுப்பு" என்று இன்னொருவன் சத்தம் போட்டான். "காலைக் காட்டச் சொல்லு" என்றது வேறொரு குரல். அவள் பேசிய ஒரு வரியும் யார் காதிலும் விழவில்லை. ஒரு பல்லி ஓட்டுக்கடியில் நுழைவதுபோல அவள் காட்சியை முடித்து உள்ளே போனாள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சிரிப்பைக்கூடத் தவறவிட்டதில்லை என்று பெருமையடித்துக்கொள்பவள், அன்று பத்துக்கு மேல் தவறவிட்டாள்.

மேனேஜர் ஆக்டன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனாள். அவரோ உற்சாகத்தில் இருந்தார். இந்தப் பெயருக்கு இப்படிக் கூட்டம் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். காலழகான ஆட்டக்காரி ஒருத்தியைப் பிடித்து, அகஸ்டா ரென்விக் என்று பெயர் வைத்து இரண்டாம் அங்கத்தில் ஆடவிடலாம் என்பது அவர் யோசனை. அகஸ்டாவின் பெயரை 'திருமதி டன்' என்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாமாம். வேஷம் அதேதான், சம்பளத்தில் ஒரு சென்ட் குறையாது.

"என் பேரை இன்னொருத்திக்குக் குடுத்துட்டு நான் யாரா இருக்கறது?" என்று கேட்டாள்.

"பேருதானே, அகஸ்டா. உங்க மூஞ்சிக்கு யாரும் டிக்கெட் வாங்கலை. பேருக்கு வாங்கறாங்க."

"அந்தப் பேரை இந்த மூஞ்சிதான் முப்பத்தோரு வருஷமா சம்பாதிச்சுது. சுவரொட்டியில அதைத் தொட்டீங்கன்னா அன்னிக்கே நான் போயிடுவேன். சட்டியையும் கரண்டியையும் எடுத்துட்டுத்தான் போவேன், அது என் சொந்தச் சாமான்."

மூன்று வாரத்தில் ஒரு முடிவு சொல்லும்படி ஆக்டன் கெடு வைத்தார். முடிவை இப்போதே சொல்லிவிட்டேனே என்று அகஸ்டா எழுந்து வந்தாள்.

திங்கட்கிழமை ஒத்திகை இல்லாத நேரம் பார்த்து நீல நாரைக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். விட்கோம்ப் என்கிற அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தவர் மீசைக்கடியில் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். படத்தைப் புரோசர் என்ற புகைப்படக்காரரிடம் வாங்கியதாகவும், பெயரும் அவர் கொடுத்ததுதான் என்றும், ஐம்பதாயிரம் அட்டை வெளியே போய்விட்டதால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார். வேண்டுமானால் அடுத்த முறை அச்சடிக்கும்போது பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அகஸ்டா அதற்கு ஒப்பவில்லை. "எடுக்க வேண்டாம். என் பேரைப் போட்டுட்டீங்க, இனி அதுக்கு மேல என் மூஞ்சியைப் போடுங்க."

இந்த முறை விட்கோம்ப் இருமவில்லை, நேராகவே சிரித்துவிட்டார். "அம்மணி, வேலை முடிஞ்சு ஒருத்தன் அஞ்சு சென்ட் குடுத்து சிகரெட் வாங்கறான். பெட்டியைத் தொறந்தா அவனோட மாமியார் மாதிரி ஒருத்தி உள்ளேருந்து முறைச்சா, அவன் அடுத்த பெட்டி வாங்குவானா?"

வெளியே வந்தபோது தெருவெல்லாம் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. அகஸ்டாவின் காது இரண்டும் கொதித்தன. மேல்மாடி விசிலைவிட அந்தச் சிரிப்புதான் அவளை அதிகம் சுட்டது. மேல்மாடிக்காரன் காசு கொடுத்து உள்ளே வந்தவன். அவனுக்கு ஏமாற்றம், சத்தம் போடுகிறான். இந்த ஆளுக்கு என்ன வந்தது?

புரோசரின் படக்கூடம் பிராட்வேயில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தது. அவளும் அங்கே இரண்டு வருஷத்துக்கு முன்பு சட்டியும் கரண்டியுமாகப் படம் எடுத்துக்கொண்டவள்தான். அதனால் பெயர் மாறியது தற்செயல் என்று முதலில் அவர் சாதித்தார். படம் பிடித்த கண்ணாடித் தகடுகள் கலந்துபோயினவாம். அகஸ்டா விடாமல் கேட்கக் கேட்க உண்மை வெளியே வந்தது. பெயரில்லாத படத்துக்குக் கம்பெனி பாதி விலைதான் கொடுக்கும். ஈட்டிக்காரிக்குப் பெயர் இல்லை. கைக்கு வந்த பழைய பட்டியலில் இருந்து ஏதோ ஒரு நடிகையின் பெயரை எடுத்து எழுதிவிட்டார்.

"அவளுக்குப் பேர் இல்லையா? பொறந்ததுலேருந்து பேரே இல்லாமலா இருக்கா?"

நடிகையாக இருந்தால்தானே பெயர் என்றார் புரோசர். அவள் சிகரெட் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பெண். டெலியா கியோ. ஒரு டாலருக்கு மத்தியானம் முழுக்க நின்றாள். எந்தத் தொழிற்சாலை என்று கேட்டதற்கு அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார், நீல நாரைதான்.

ஆற்றங்கரைப் பக்கத்துத் தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். மறுநாள் அகஸ்டா அந்த வாசலில் போய் நின்றாள். ஒரு வசவுப் பட்டியலே மனதில் தயாராக இருந்தது. பழுப்பேறிய விரல்களும் புகையிலைத் தூள் படிந்த தலைத்துணியுமாக நூறு பெண்கள் வெளியே வந்தார்கள். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று அவள் திகைத்து நிற்கையில், ஒல்லியாக உயரமாக ஒருத்தி நேரே அவளிடம் வந்தாள்.

"நீங்க அகஸ்டா ரென்விக்தானே? எப்ப வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"என்னை எப்படித் தெரியும் உனக்கு?"

"என் மூஞ்சிக்குக் கீழ இருக்கற பேரு யாருதுன்னு தேடாம இருப்பனா? போன மாசமே மேல்மாடில உக்காந்து உங்களைப் பாத்தேன். சிரிச்சு சிரிச்சு வயித்து வலி. வீட்டுக்குப் போனதும் கோவம் வந்துச்சு."

"கோவமா? உனக்கா?"

"பின்ன? ஊரு பூரா எனக்கு விசிலடிக்கறான், உங்க பேரைச் சொல்லி அடிக்கறான். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கீழ என் பேருதான் போட்டிருக்குன்னு நம்பிட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டிட்டுத் திரியறா. என்னிக்கு எவளாவது படிச்சுச் சொல்லப் போறாளோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

தயாராக வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட அகஸ்டாவின் வாயில் வரவில்லை. பக்கத்துக் கடையில் இரண்டு கிண்ணம் சிப்பி சூப் வாங்கினாள். டெலியா வேகமாகக் குடித்துக்கொண்டே பேசினாள். நாளுக்கு இரண்டாயிரம் பெட்டி அவள் கை வழியாகப் போகிறது. பத்து சிகரெட், ஓர் அட்டை, மூடு. அட்டைகள் கலந்து வரும், நூற்றில் இரண்டு மூன்று அவளே. தன் முகத்தைத் தானே எடுத்து உள்ளே செருகுகிறாள். படத்தில் சுருட்டை டோப்பா வைத்திருந்ததால் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குக்கூட அது டெலியா என்று தெரியாது. அந்த உடுப்பில் நின்றதற்கு வெட்கமில்லையா என்று அகஸ்டா கேட்டதற்கு, பத்து மணி நேரம் புகையிலைத் தூளில் உட்கார்ந்திருப்பதைவிட அதில் என்ன வெட்கம் என்று திருப்பிக் கேட்டாள். வாழ்நாளில் அவளைப் படம் எடுத்ததே அது ஒன்றுதான்.

விட்கோம்ப் சொன்னதை அகஸ்டா சொன்னாள், மாமியார் முறைப்பதைப் பற்றி. டெலியா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"அட்டையை நீங்க கொண்டாங்க. பெட்டிக்குள்ள எது போகணும்கறது என் கையில இருக்கு. ஆனா ரெண்டு அட்டை வேணும். ஒண்ணுல உங்க மூஞ்சியும் உங்க பேரும். இன்னொண்ணுல என் மூஞ்சியும் என் பேரும்."

"பிடிச்சுட்டா வேலை போயிடுமே."

"போகும்னு தெரிஞ்சுதான் சொல்றேன். நீங்க ஒண்ணும் என்னைத் தூண்டிவிட்டதா நெனைச்சுக்க வேண்டாம்."

அன்று சாயந்திரமே அகஸ்டா மறுபடி புரோசரின் மாடிப்படி ஏறினாள். தன் படம், டெலியாவின் படம் இரண்டின் தகடிலிருந்தும் முந்நூறு முந்நூறு அட்டை, கம்பெனி அட்டை மாதிரியே அளவும் எழுத்தும் வேண்டும் என்றாள். அவர் முடியாது என்றார். நாளைக் காலை யூனியன் சதுக்கத்தில், வேலை தேடி நிற்கும் நடிகர் நடிகைகள் ஒருவர் விடாமல், புரோசர் உங்கள் பெயரை எடுத்து யார் முகத்துக்குக் கீழே வேண்டுமானாலும் விற்பார் என்று சொல்லிக்கொண்டு நிற்பேன், எனக்குக் குரல் பெரிது என்று உங்களுக்கே தெரியும் என்றாள். புரோசரிடம் படம் எடுத்துக்கொள்ள வருபவர்கள் எல்லாருமே நாடகக்காரர்கள். வெள்ளிக்கிழமைக்கு அட்டைகள் தயாராகிவிட்டன.

அகஸ்டாவின் அட்டையில் அவள் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாடகை பாக்கிக்காரனைப் பார்ப்பதுபோலக் கரண்டியை ஓங்கி நின்றாள். டெலியாவின் அட்டை அதே பாறை, அதே ஈட்டி. கீழே மட்டும் டெலியா கியோ.

சாப்பாட்டுத் தூக்கில் நூறு நூறாக டெலியா உள்ளே கொண்டுபோனாள். ஒரு வாரத்தில் ஆறு நூறும் தீர்ந்தது. அடுத்த புதன்கிழமை பார்னி ஒத்திகைக்கு ஓடிவந்து ஒரு பெட்டியைத் திறந்து காட்டியபோது, உள்ளிருந்து அகஸ்டா கரண்டியை ஓங்கிக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் அதே பேச்சு. ஒரு சுருட்டுக்கடைக்காரர், கடன் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல அந்த அட்டையைக் கல்லாவுக்கு மேல் ஒட்டிவைத்தார். அட்டை சேர்ப்பவர்களில், கரண்டிக்காரி ஒருத்திக்கு மாற்றாக ஈட்டிக்காரி மூன்று பேரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் உண்டு. ஒரு பத்திரிகை எட்டு வரி எழுதியது. உண்மையான அகஸ்டா ரென்விக் யார் என்று நீல நாரைக் கம்பெனிக்குத்தான் தெரியவில்லை, ஊருக்கு இப்போது தெரியும் என்று முடித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை பகல் காட்சிக்கு அவள் நுழைந்தபோது மேல்மாடி இரண்டாகப் பிரிந்தது. பாதி கைதட்டியது. மீதியிலிருந்து ஒருவன் மறுபடி காலைக் காட்டு என்றான். அகஸ்டா சட்டியை மேஜைமேல் வைத்தாள். மேடை விளிம்பின் விளக்கு வரிசை வரை நடந்து வந்து, சத்தம் தானாக அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இந்தக் காலு முப்பத்தோரு வருஷமா இந்த மேடையில நிக்குது. உங்கப்பன் உக்காந்து சிரிச்சுட்டுப் போன எடத்துலதான் நீ உக்காந்திருக்க. சிரிக்கணும்னா இரு. காலு பாக்கணும்னா அஞ்சு சென்ட் குடுத்து சிகரெட் வாங்கிக்க, அந்தப் பொண்ணு பேரு டெலியா கியோ."

நாடகத்தில் இல்லாத வசனம் அது. மேடைப் பக்கவாட்டில் நின்ற ஆக்டனுக்கு வியர்த்தது. ஆனால் மேல்மாடி அதிர்ந்ததில் விளக்குக் கண்ணாடிகள் ஆடின. அதற்குப் பிறகு ஒரு சிரிப்பும் தவறவில்லை. திருமதி டன் என்ற பெயரை ஆக்டன் அதன் பிறகு எடுக்கவில்லை. கரண்டியைச் சுவரொட்டியில் பெரிதாகப் போடலாமா என்று மட்டும் கேட்டார்.

டெலியாவின் வேலை திங்கட்கிழமை காலையில் போயிற்று. விட்கோம்ப் நேரில் வந்து பெட்டி கட்டும் பெண்களை வரிசையாக நிற்கவைத்து, ஈட்டிக்காரி அட்டையை ஒவ்வொரு முகத்துக்குப் பக்கத்திலும் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தாராம். அவர் நான்காவது பெண்ணிடம் வரும்போதே டெலியா வரிசையிலிருந்து வெளியே வந்து, தேட வேண்டாம், படிக்கத் தெரிந்தால் கீழே பெயர் இருக்கிறது, அது நான்தான் என்று சொல்லிவிட்டாளாம். இதையெல்லாம் அன்று மத்தியானம் அகஸ்டா தங்கியிருந்த விடுதி முன்னறையில் உட்கார்ந்து டெலியாவே நடித்துக் காட்டினாள். விட்கோம்பின் மீசையை விரலால் முறுக்கிக் காட்டியபோது அகஸ்டா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்போதுதான் விடுதிக்கார அம்மாள் வந்து, விட்கோம்ப் என்று ஒருவர் வாசலில் நிற்பதாகச் சொன்னாள்.

டெலியாவை அங்கே பார்த்ததும் அவர் ஒரு கணம் நின்றார். பிறகு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பெனி யார்மேலும் வழக்குப் போட விரும்பவில்லை என்று ஆரம்பித்தார். பத்திரிகையில் வந்ததிலிருந்து கடைகளில் ஈட்டிக்காரியைக் கேட்டு வருபவர்கள் இரண்டு மடங்காகிவிட்டார்கள். ஆனால் இந்தப் பெயர்க் குழப்பம் நீடித்தால் மற்ற நடிகைகளும் கிளம்பி வருவார்கள். ஆகவே ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தார். அந்தப் படத்துக்குக் கீழே தன் பெயரை ஐந்து வருஷம் போட அகஸ்டா சம்மதிக்க வேண்டும், அதற்கு நூறு டாலர். அது தன் படம் இல்லை என்று டெலியா எழுதிக் கொடுக்க வேண்டும், அவளுக்கும் நூறு டாலர், வேலையும் திரும்பக் கிடைக்கும்.

அகஸ்டாவுக்கு நூறு டாலர் ஒரு மாதச் சம்பளம். டெலியாவுக்கு அது நான்கு மாதத்துக்கு மேல். தான் கையெழுத்துப் போடப்போவதில்லை என்று அகஸ்டா உடனே சொன்னாள். டெலியா பக்கம் திரும்பி, உன் விஷயம் உன்னுடையது, நீ வாங்கிக்கொண்டால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், முகத்தையும் திருப்பிக்கொள்ளமாட்டேன் என்றாள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

டெலியா காகிதத்தை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு விட்கோம்பிடம் கேட்டாள். "பணம் வேண்டாம், வேலையும் வேண்டாம். படத்துக்குக் கீழ டெலியா கியோன்னு போடுவீங்களா?"

"டெலியா கியோ யாரும்மா? ஜனங்க நடிகையைத்தான் கேக்கறாங்க. பெட்டி கட்டறவ பேரை யாரு கேக்கறா?"

"கடையில வந்து கேக்கறாங்கன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க? என்னைத்தான் கேக்கறாங்க. இதுல இருக்கற இந்த முழங்கால் என்னுது. சின்ன வயசுல படியில விழுந்த தழும்புகூடத் தெரியுது பாருங்க. இது நான் இல்லைன்னு என் கையாலயே எழுதித் தரணுமா? போய்ட்டு வாங்க."

விட்கோம்ப் தொகையைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

வாசல் கதவு சாத்தியதும் டெலியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். என்ன காரியம் செய்துவிட்டேன், அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று இரண்டு தடவை கேட்டாள். அகஸ்டா காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு அவள் கையில் கொடுத்தாள்.

மே மாதம் புது அட்டைகள் வந்தன. ஈட்டிக்காரி இருந்தாள், பெயர் இருந்த இடத்தில் வெறும் நீல நாரை என்று போட்டிருந்தது. அகஸ்டாவின் பெயர் எங்கும் இல்லை, முகமும் இல்லை. டெலியாவின் பெயரும் இல்லை. இவ்வளவுதான் கிடைத்தது. டெலியா கால்வாய்த் தெருவில் அட்டைப்பெட்டி செய்யும் இடத்தில் சேர்ந்தாள். வாரத்துக்கு ஐம்பது சென்ட் குறைவு.

இலையுதிர் காலத்தில் நாடகக் கம்பெனி வெளியூர் கிளம்பியது. பஃபலோவில் இருந்தபோது அகஸ்டாவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. அட்டைப்பெட்டி வேலையும் போய்விட்டதாம். ஜன்னலை ஆணியடித்து மூடிவைத்திருந்தார்கள், பசை நாற்றத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள், மேஸ்திரி பார்த்துக்கொண்டு நின்றான், டெலியா சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணிகளைப் பிடுங்கிவிட்டாள். இப்போது தொப்பி தைக்கும் கடையில் இருக்கிறாள், இங்கே ஜன்னல் திறந்திருக்கிறது, இதுவரை சண்டை ஒன்றுமில்லை, ஆனால் மேற்பார்வைக்காரியின் பார்வை சரியில்லை என்று எழுதியிருந்தாள்.

ஒப்பனை அறையில் அதை அகஸ்டா எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். பார்னி பாதியிலேயே சிரித்துப் புரையேறிக்கொண்டார். கடைசிப் பத்தியை அவள் முடிக்கும் முன் மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.